தற்காலிக ஆலயம்

6 ஒக்டோபர் 1957, ஞாயிறு

இன்றைக்கும் உபதேசியார் எபனேசர் அதே பிரசங்கம்தான். பாடுகள் தற்காலிகம், நம்பிக்கை நிரந்தரம். நிரந்தரம் என்று சொல்லும்போது கையை மேலே காட்டினார். மேலே கிடுகுக் கூரையின் ஓட்டைக்குள்ளால் ஒரு காகம் எட்டிப் பார்த்தது.

வாசலில் தொங்குகிற பலகையில் ‘தற்காலிக ஆலயம்’ என்று எழுதியதும் அவரேதான். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு இரணைமடுக் குடியேற்றத்துக்கு வந்த வருசம் எழுதினார். நிரந்தரக் கட்டடம் வருகுது, வருகுது என்று போதகர் மாதாமாதம் வந்து சொல்லிவிட்டு, மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். கட்டடம் வரவில்லை. என்ர கோழிகள்தான் போகின்றன.

ஆராதனை முடிய ஆலயக் கொட்டிலுக்குப் பின்னால் போய் இரஞ்சியின் குழியடியில் சருகு கூட்டினேன். என்ர பிள்ளை இரஞ்சிதம். ஐந்து வயசு. போன மாசியில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இவர், என்ர மனுசன், பாலை மரக் கட்டையில் செதுக்கி நட்ட சிலுவை கொஞ்சம் சரிந்து நிற்கிறது. அடக்கத்தன்றும் உபதேசியார், “இந்தப் பிரிவு தற்காலிகம், தங்கச்சி” என்றார். அண்டைக்கு என்ர கைக்கு எட்டின தூரத்தில மண்வெட்டி இருந்திருந்தால் அந்த மனுசனுக்கு ஒண்டு போட்டிருப்பன்.

9 ஒக்டோபர்

இவர் இன்றைக்கு வாயைத் திறந்தார். “இஞ்சேரும், இந்தக் காலபோக வெள்ளாமையும் சரிவராட்டால் காணியைக் குடுத்திட்டுப் போவம். அண்ணையின்ர சுருட்டுக் கொட்டிலில வேலை இருக்காம்.”

“அப்ப பிள்ளையை ஆர் பாக்கிறது?” என்றேன்.

யோகநாதன் என்கிற என்ர மனுசன் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “பயிர் வந்தால் இருப்பம். வராட்டால் போவம். சரியோ?”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? என்ர பிள்ளையோடு நான் இருக்கிறதும் விட்டுட்டுப் போறதும் இனி மழையின்ர கையில்.

17 ஒக்டோபர்

புழுதி விதைப்பு முடிந்தது. ஒரு மேகமும் இல்லாத வானத்தை நம்பிக் காய்ந்த மண்ணுக்குள் நல்ல நெல்லைப் போட்டிருக்கிறோம். கொட்டிலுக்குள் இருக்கிற விசுவாசம் முழுவதையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது. எறும்புகளுக்கும் புறாக்களுக்கும் மெத்தச் சந்தோசம்.

30 ஒக்டோபர்

மழை இல்லை. ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஏதோ பந்து விட்டானாம், அது மேகத்தைக் குத்திக் கிழித்துப்போட்டுதாம். கூட்டுறவுக் கடையில் இதுதான் கதை. கதையைத் தொடங்கினவர் சிற்றம்பலத்தார். குளக்கட்டில் இருக்கிற பிள்ளையார் கோயிலை நடத்துகிறவர். உபதேசியாருக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துவராது. ரஷ்யாக்காரன் விசயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

5 நவம்பர்

ஒற்றுமை ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. மழைக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் என்று உபதேசியார் அறிவித்தார். சிற்றம்பலத்தார் சும்மா இருப்பாரோ? மூலஸ்தானத்துத் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்து, பிள்ளையார் கழுத்தளவுக்குத் தண்ணீர் நிரப்பப் போகிறாராம். பிள்ளையாருக்கு மூச்சு முட்டினால் மழை வருமாம்.

சிற்றம்பலத்தார் முந்தி மழை வந்தால் பேர் அவருக்கு. உபதேசியார் முந்தினால் உபதேசியாருக்கு. ஆனபடியால் இரண்டு பேரும் ஒரே வியாழக்கிழமையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்டவன் பாடுதான் திண்டாட்டம்.

7 நவம்பர், வியாழன்

நல்ல கூத்து. பிள்ளையாரை நிரப்பத் தண்ணீர் வேண்டும். இந்த வாய்க்கால் பக்கத்தில் வற்றாத கிணறு ஒன்றே ஒன்று, அது என்னுடையது. காலமை சிற்றம்பலத்தாரின் ஆட்கள் குடங்களோடு படலையில் நின்றார்கள். வாளியை எடுத்துக் கொடுத்தேன்.

உபதேசியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். “தங்கச்சி! எங்கட கிணத்துத் தண்ணியை விக்கிரகத்துக்கோ குடுக்கிறாய்?”

“கேட்டு வந்தவைக்குக் குடுக்கிறன், உபதேசியார். ஆருக்கு ஊத்துகினம் எண்டு பின்னால போய்ப் பாக்க எனக்கு நேரமில்லை.”

அவர் முகம் கறுத்துப் போனார். அது போக, சிற்றம்பலத்தாரின் பெண்சாதி அன்னபாக்கியம் ஒரு செம்போடு வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாள். வேதக்காரரின் கிணறு, மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் அள்ள வேண்டுமாம். “கோவிக்காதையுங்கோ அக்கா, எங்கட மனுசன்ர ஆய்க்கினை தாங்கேலாமல்தான்.”

“தெளியடி பிள்ளை. கிணத்துக்கும் ஒரு ஞானஸ்நானம் கிடைக்கட்டும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து கனகாலம்.

8 நவம்பர்

உபவாசம் இரண்டாம் நாள். உபதேசியாருக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றால் அவித்த மரவள்ளிக்கிழங்கு மணக்கிறது.

நானும் நின்றேன். ஆனால் மழை கேட்கவில்லை. இரஞ்சியைக் கேட்டேனே, தந்தாரோ? பத்திய மருந்து, ஆஸ்பத்திரி மருந்து, இரவு பகலாய் ஜெபம். எல்லாம் கேட்டு முடிஞ்சுது. இனி அவரிட்டைக் கேக்க எனக்கு என்ன கிடக்கு?

10 நவம்பர், ஞாயிறு

மழை!

ஆராதனை நடுவில் தொடங்கியது. கிடுகு ஒழுகி எல்லாருடைய தலையிலும் ஊற்றுகிறது, ஒருவரும் எழும்பவில்லை. இவர் முற்றத்தில் நின்று முழுக்க நனைந்தார். இங்கேயே இருக்கலாம் இரஞ்சி, இருக்கலாம்.

13 நவம்பர்

யாருடைய மழை என்று கடையடியில் சண்டை.

“மூண்டு நாள் ஜெபம், அடுத்த நாள் மழை. குருடனுக்கும் விளங்கும்” என்று உபதேசியார்.

“மேகம் முதல்ல கறுத்தது கோயில் பக்கமாய்த்தானே? நாலு பேரைக் கேட்டுப் பாருங்கோ” என்று சிற்றம்பலத்தார்.

இரண்டு பேரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் என்ர கிணற்றுத் தண்ணீர், முழங்காலும் என்ர முழங்கால், ஆனபடியால் மழை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

1 டிசம்பர்

பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இவர் சுருட்டுக் கொட்டில் கதையை எடுக்கிறதில்லை.

20 டிசம்பர்

மழை நிற்கவில்லை. குளம் நிரம்பி வான் பாய்கிறது. வாய்க்கால் எது, வயல் எது என்று தெரியாது.

கடையடியில் இன்றைக்கும் சண்டை, ஆனால் மறுவளமாக. சிற்றம்பலத்தார், “உபதேசியார், உங்கட மழையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்” என்றார். உபதேசியாருக்கு வந்ததே கோபம். “எங்கட மழையோ? கழுத்தளவு தண்ணி விட்டது ஆர்? போய் அந்த ஓட்டையைத் திறவும் காணும்!”

போன மாதம் இரண்டு தகப்பன்மார் இருந்த மழைக்கு இந்த மாதம் ஒருவரும் இல்லை.

சிற்றம்பலத்தார் பின்னேரம் ஓட்டையைத் திறந்துவிட்டாராம். உபதேசியார் நோவாவின் பேழைப் பகுதியை வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

23 டிசம்பர்

வயல் போய்விட்டது. எங்களுடையதும், எல்லாருடையதும். இனிப் போகவேண்டியதுதான், பேச்சு அப்படித்தானே.

25 டிசம்பர், நத்தார்

எழுதினால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நாங்கள் நத்தார் கொண்டாடினது பிள்ளையார் கோயில் மண்டபத்தில்.

காலமை தண்ணீர் குசினிக்குள் வந்தது. மேடு என்று இருக்கிறது குளக்கட்டு ஒன்றுதான். உபதேசியார் கோயில் படியடியில் நின்று நனைந்துகொண்டு யோசித்தார். “ஏறுங்கோ காணும், பிள்ளையார் ஒண்டும் கேளார்” என்று சிற்றம்பலத்தார் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அன்னபாக்கியம் பொங்கி, முதல் தட்டை அவருக்குத்தான் கொடுத்தாள். ‘பிள்ளையாருக்குப் படைச்சதோ?’ என்று கேட்கப் போகிறார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சாப்பிட்டார்.

மத்தியானம் கொட்டிலின் கூரை மிதந்து போகிறதைக் குளக்கட்டில் இருந்து பார்த்தோம். கொட்டில் போனால் எனக்கென்ன. அதுக்குப் பின்னால கிடக்கிறவள்? அவளுக்கு மேல எத்தினை முழத் தண்ணி?

“நத்தாரெல்லோ, ஜெபம் பண்ணுங்கோ உபதேசியார்” என்று இவர் சொன்னார். உபதேசியார் நனைந்த வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. “ஏன், தற்காலிகம் எண்டு சொல்லுங்கோவன்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்குப் பயமாக் கிடக்கு, தங்கச்சி. என்ர மனுசி கைதடியில ஒரு குழிக்குள்ள கிடக்கிறா. மகனும் பக்கத்திலதான். அந்தச் சொல்லு நான் உனக்குச் சொன்னதெண்டோ நினைச்சாய்? எனக்குத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். அதையும் விட்டால் என்னட்டை வேற என்ன கிடக்கு?”

எட்டு வருசமாய் என்ர பின்வளவில் குடியிருக்கிற மனுசன். மகன் ஒருவன் இருந்தானோ என்று நான் கேட்டதே இல்லை. இந்த வாய்க்குப் பிரசங்கத்தைப் பகிடி பண்ணத்தான் நேரம் இருந்தது.

பிறகு நான்தான் ஜெபம் பண்ணினேன். மழையை நிறுத்தும் என்றோ பயிரைத் தாரும் என்றோ கேட்கவில்லை. அவளை வைச்சிருங்கோ, உபதேசியாரின்ர மனுசியையும் பொடியனையும் வைச்சிருங்கோ, நாங்கள் வருவம் என்று சொன்னேன். சொல்லும்போதே, உண்மையாய்த்தான் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அது எனக்குப் புதினம். ஆமென் சொன்னதில் அன்னபாக்கியத்தின் குரல்தான் பெரிசு.

29 டிசம்பர்

தண்ணீர் வடிந்துவிட்டது. சிலுவை இல்லை. குழி மேடும் இல்லை. எல்லாம் ஒரே சேறு. எந்த இடம் எண்டே தெரியேல்லை. தெரியேல்லை. கையால கிண்டிப் பாத்தன், இவர் வந்து தூக்கிக்கொண்டு போனார்.

2 ஜனவரி 1958

இவர் புதுச் சிலுவை செய்திருந்தார். நடப் போனோம். உபதேசியாரும் வந்தார், மண்வெட்டியோடு சிற்றம்பலத்தாரும் வந்தார்.

“இலுப்பைக்கு இந்தப் பக்கம்” என்று உபதேசியார். “நான்தானே ஜெபம் பண்ணினனான்.”

“அந்தப் பக்கம்” என்று சிற்றம்பலத்தார். “நானும்தானே அண்டைக்கு மண் போட்டனான்.”

“நீர் கண்ணை மூடிக்கொண்டே போட்டனீர்?”

“கண்ணை மூடினது நீங்கள். ஜெபம் எண்டால் மூடுறதுதானே!”

ஒருவர் கயிறு பிடித்து அளக்கிறார். மற்றவர் காலடி வைத்து அளக்கிறார். இவர் ஈரப் பாலைக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடக்கிறார். மழைக்குச் சண்டை பிடித்த அதே இரண்டு வாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இருந்துவிட்டேன். மூன்று பேரும் பயந்து போனார்கள்.

“எங்கையெண்டாலும் நடுங்கோ,” என்றேன். “அவளைக் கூப்பிடப் போறவருக்கு இடம் தெரியும்.”

அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. மாசிக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒழுங்காய் அழுதேன். சிலுவை இரண்டு பேர் சொன்னதுக்கும் நடுவில் நிற்கிறது.

3 ஜனவரி

இவரிடம் சொன்னேன்: “பயிர் இல்லை, பேச்சுப்படி போவம். அவளுக்கு நான் காவல் இருக்கத் தேவையில்லை. காவலுக்கு ஆள் இருக்கு.”

இவர் தலையைச் சொறிந்தார். “சிற்றம்பலத்தாரிட்டை விதைநெல்லுக்குச் சொல்லிப்போட்டனே.”

பாருங்கோ! நான் இருப்பம் எண்டேக்கை போவம் எண்ட மனுசன், நான் போவம் எண்டேக்கை இருப்பம் எண்டுறார். ஏனென்று கேட்டேன். குளம் நிறைந்து கிடக்கிறது, சிறுபோக வெள்ளாமை தப்பாது, அது இது என்று சுற்றி வளைத்தார். கடைசியில் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நேற்று நீர் சிரிச்சீர். எனக்கு அந்த இடத்தை விட்டிட்டுப் போக மனமில்லை.”

4 ஜனவரி

இருக்கிறோம்.

19 ஜனவரி, ஞாயிறு

கொட்டில் திரும்பவும் எழும்பிவிட்டது. கிடுகு அரைவாசி சிற்றம்பலத்தார் கொடுத்தது. “பிள்ளையாருக்குத் தெரியாமல்” என்றார். போதகர் வந்து, நிரந்தரக் கட்டடம் வருகுது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார். வெள்ளத்துக்குத் தப்பின கோழி அது ஒன்றுதான்.

எங்கள் ஆலயப் பெயர்ப்பலகை அன்னபாக்கியத்தின் வேலியில் சிக்கிக் கிடந்ததாம். கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தாள். உபதேசியார் பூச்சுத் தூரிகையை வைத்துக்கொண்டு கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“தங்கச்சி, இந்தத் ‘தற்காலிக’ எண்டதை அழிச்சுப்போடட்டோ? ஊரெல்லாம் பகிடி பண்ணுது. நீயும் பண்ணிறனி.”

“வேண்டாம் உபதேசியார்,” என்றேன். “இருக்கட்டும். அந்தச் சொல்லு கொட்டிலுக்குத்தானே.”