செண்பகம் என்ன படிக்கிறாள் என்று கேட்டீர்களே, அண்ணே

திருவெள்ளறைப் பெருமாள் காலடியில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் என் ஆசை அண்ணனுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து அலமேலு எழுதிக்கொள்வது.

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். பெருமாள் பக்கத்தில் இருக்கிறவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? இங்கத்திய சேதிதான் உங்களுக்கு வேண்டும். நல்ல சேதி அண்ணே. நேரில் சொன்னால் நீங்கள் மன்னார்புரம் கடையில் யாருடைய வண்டியையோ கழற்றிப் போட்டுக்கொண்டு, பாதியைத்தான் காதில் வாங்குவீர்கள். "சுருக்கமா சொல்லு அலமு" என்பீர்கள். இப்போது உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. அதனால் விரிவாகவே சொல்லப் போகிறேன்.

செண்பகத்தைக் காலேஜில் சேர்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள். "ரீஹாபிலிடேஷன் சயின்ஸுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கடைக்கு வர்றவங்க டாக்டரா, நர்ஸான்னு கேக்குறாங்க. ரெண்டும் இல்லன்னா அப்ப என்னங்கிறாங்க. நான் என்னன்னு சொல்றது அலமு?" என்றீர்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற நான் அன்றைக்கு முழித்தேன். மகள் ஆசைப்பட்டாள், படிக்கட்டும், என்ன படிப்பென்று நீ கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்குச் சொல் என்றுவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டீர்கள்.

நான் தெரிந்துகொள்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். முதல் வருஷப் பரீட்சைகூட முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்களுக்குப் பிறகு செண்பகம் எங்களோடுதான் இருக்கிறாள். அண்ணி ஊரில் மாட்டையும் வயலையும் பார்த்துக்கொள்கிறாள். சனி ஞாயிறு இவள் திருவெள்ளறைக்குப் போய்விடுவாள், மற்ற நாளெல்லாம் இங்கிருந்துதான் காலேஜ். அவள் படிப்புக்கு முதல் பலி நான்தான் அண்ணே. சாயங்காலம் வந்ததும் கையைத் தூக்குங்க அத்தை, முட்டியை மடக்குங்க அத்தை என்று ஆரம்பித்துவிடுவாள். என் தோள்பட்டை எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு ஸ்கேலை வைத்துக் கோணம் அளப்பாள். கையைத் தூக்கச் சொன்னால் எனக்கு வேறென்ன தெரியும்? தலைக்கு மேல் கும்பிட்டு ரெங்கநாதா என்பேன். "பேசாம தூக்குங்க அத்தை, அளவு மாறுது" என்பாள். எலும்புக்கும் நரம்புக்கும் ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள். பேச்சு வராத குழந்தைகள், வாதம் வந்து கை விழுந்தவர்கள் என்று ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். இதை அடிப்படையாகப் படித்துவிட்டு, அப்புறம் நடைக்கா, கைவேலைக்கா, பேச்சுக்கா என்று மேலே தெரபி படிக்கலாமாம். இவ்வளவும் அவள் சொல்லித் தெரியும். ஆனாலும் உங்கள் கேள்விக்கு இது பதிலாகவில்லை. பதில் எங்கள் வீட்டு நடையிலேயே கிடைத்தது.

உங்கள் மாப்பிள்ளை, அதுதான் எங்கள் வீட்டுக்காரர், அவர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும்போதே அவருக்கு வலது கை லேசாக நடுங்கும், பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை, பழக்கதோஷம் என்று நீங்கள்கூடக் கேலி செய்தீர்கள். அது கேலியில்லை அண்ணே. பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தார், நடுக்கம் குறைந்தது. கால்தான் வம்பு செய்தது. நன்றாக நடந்து வருவார், ஒரு நிலைப்படி வந்தால் போதும், தரையில் பசை போட்டு ஒட்டினாற்போல நின்றுவிடுவார். மேல் உடம்பு முன்னால் போகும், கால் வராது. ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போன கண்டக்டர், சொந்த வீட்டில் பூஜை அறை வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார்.

கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். இருக்கிறது ஸ்ரீரங்கத்தில், வாசலுக்கு வந்தால் கோபுரம் தெரிகிறது, பெருமாளைப் பார்க்க முடியவில்லை. கோயிலில் சக்கர நாற்காலி இருக்கிறதே, தள்ளிக்கொண்டு போகிறேன் என்றேன். "அவரு முன்னாடி நான் நடந்து போய் நிக்கணும். இல்லன்னா போகலை" என்று படுத்துக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கும் தாயார் சந்நிதியோடு சரி. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பெருமாள் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் நின்றால் கையைப் பிடித்து இழுப்பேன். "வாங்க, வந்துடுங்க, வலது காலை எடுங்க, அதோ அந்தக் காலு, பெருமாளை நெனச்சுக்கிட்டு எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் செண்பகம் இதைப் பார்த்துவிட்டாள். தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. நடக்கறதும் நீங்க பேசறதைக் கேக்கறதும் ரெண்டையும் ஒரே நேரத்துல மாமா மூளையால பாக்க முடியாது. அவரு எழுந்து நடந்தா நீங்க வாயே தொறக்கக் கூடாது. இழுக்கவும் கூடாது."

உங்கள் மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "இதை எந்த டாக்டரும் இத்தனை வருஷமா எழுதித் தரலையே செண்பகம்" என்றார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மாத்திரை அவருக்கு, பத்தியம் எனக்கு என்று ஆயிற்று. எவ்வளவு கஷ்டமான பத்தியம் என்று என் கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாதா?

அப்புறம் அவளுடைய காலேஜ் மேடத்தையும் ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் அம்மாவையும் கேட்டுக்கொண்டு, கூடத்திலிருந்து பூஜை அறைக்குப் போகிற வீட்டு நடையில் மஞ்சள் டேப்பைக் குறுக்கே குறுக்கே ஒட்டினாள். கோட்டைப் பார்த்துத் தாண்டினால் கால் வந்துவிடும் என்று படித்திருக்கிறாளாம். அவர் ஒரு பார்வை பார்த்தார். இது வீடா, டெப்போவா என்று கேட்டார். டேப்பைத் தாண்டவே இல்லை, அதன் மேலேயே தேய்த்துத் தேய்த்து வந்து, வழக்கமான இடத்தில் நின்றார். டேப்பை மிதித்தால் என்ன பாவம்? செண்பகம் முகம் வாடிப் போயிற்று. அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை பிள்ளை. இவ்வளவு படித்து நம் வீட்டு ஆளுக்கே உதவவில்லையே என்றாள். எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

புரட்டாசி முதல் சனிக்கிழமை வந்தது. டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, நடை முழுக்க அரிசி மாவைக் கரைத்து இழைகோலம் போட்டேன், பூஜை அறை நிலைப்படி வரைக்கும். அடுக்களையில் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் பூஜை அறைக்குள் நிற்கிறார். யார் கூட்டி வந்தது? யாரும் இல்லை. இந்தப் பக்கம் செண்பகம் ஊருக்குப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"மாமா, எப்படி வந்தீங்க?" என்றாள்.

"கோலம் ஈரமா இருக்கு. மிதிச்சா உங்க அத்தை என்னை விடுவாளா? பாத்துப் பாத்து காலைத் தூக்கி வெச்சு வந்தேன்" என்றார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"திரும்ப ஒருக்கா வாங்க மாமா" என்றாள். வந்தார் அண்ணே. ஒவ்வொரு இழையாகக் காலைத் தூக்கி, கொக்கு மாதிரி வந்தார். நிலைப்படியில் நிற்கவே இல்லை. நான் மாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். பத்தியம் இருக்கிறதல்லவா?

பையை இறக்கி வைத்துவிட்டு அவள் விளக்கினாள். தன்னால் நடக்கிற நடைக்கு மூளையில் ஒரு வழி இருக்கிறதாம், அது அடைத்துக்கொண்டது. கண்ணால் ஒன்றைப் பார்த்து, அதைத் தாண்ட வேண்டும் என்று நினைத்துத் தாண்டினால், அது வேறு வழியாகப் போகிறதாம். டேப்பைத் தாண்ட அவருக்குக் காரணம் இல்லை, கோலத்தைத் தாண்டக் காரணம் இருந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. கண்டக்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "பாலக்கரையில ஜாம்னா பஸ்ஸை மன்னார்புரம் சுத்தி விடுவோமே, அது மாதிரி" என்றார். "அதேதான் மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஊருக்குப் பிந்திய பஸ்ஸில்தான் போனாள்.

அதிலிருந்து தினமும் நடையில் கோலம்தான். மேடத்தைக் கேட்டு இடைவெளி சொல்லிவிட்டாள், அவர் ஓர் அடி எடுத்து வைக்கிற அளவுக்குக் குறுக்குக் கோடு. வெறும் கோடு போட எனக்குக் கை வருமா? ஓரத்தில் தாமரை போட்டேன், நடுவில் சங்கு சக்கரம் போட்டேன். அவர் நின்று ரசிக்க ஆரம்பித்துவிட்டார். "அத்தை, இது தாண்டறதுக்கு, வேடிக்கை பாக்கறதுக்கு இல்ல" என்று செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன வாரம் கோயிலுக்குக் கிளம்பினோம். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம், கூட்டம் குறைவான நேரம் எல்லாம் அவள்தான் பார்த்து வைத்தாள். கோபுரம் வரை ஆட்டோ. உள்ளே தரையெல்லாம் கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கோடு இருக்கிறது, அதைப் பார்த்துத் தாண்டி வந்துவிடுவார் என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவள் சொன்ன மாதிரியே வந்தார். நான் வாயைத் திறக்காமல் பின்னாலேயே போனேன். மனசுக்குள் மட்டும் ரெங்கா ரெங்கா என்று ஓடிக்கொண்டிருந்தது.

உள்வாசலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் சோதனை. வெயிலுக்குக் கல் சுடும் என்று தேங்காய் நார் விரிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். முந்தின நாள் அது இல்லை. கோடெல்லாம் மறைந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு பஸ் கூட்டம் வேறு வந்து சேர்ந்தது. நின்றுவிட்டார் அண்ணே. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. கண்ணெதிரே வாசல், உள்ளே பெருமாள். அவர் நெற்றியில் வேர்க்கிறது. "திரும்பிடலாம்" என்று மெல்லச் சொன்னார்.

செண்பகம் பதறவே இல்லை. முதலில் நேராக நிற்கச் சொன்னாள், மூச்சு விடச் சொன்னாள். தன் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க மாமா" என்றாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "வயசுப்பொண்ணு காலைத் தாண்டறதா? கோயில்ல வெச்சா? நீ இந்த வீட்டு மகாலட்சுமி." பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், நான் முன்னால் போய் என் காலை நீட்டினேன்.

உங்கள் மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "இவ காலா? கல்யாணம் ஆனதுலேர்ந்து இதைத்தானே தாண்டிக்கிட்டிருக்கேன்" என்றார். "ரைட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தாண்டிவிட்டார். நான் ஓடிப்போய் அடுத்த அடிக்கு வைத்தேன், அதையும் தாண்டினார். பிறகு என் கால் வேண்டியிருக்கவில்லை.

பஸ் கூட்டத்தில் ஓர் அம்மா இதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இது என்ன வேண்டுதலுங்க? எதுக்கு வேண்டிக்கிட்டா இப்படிப் பண்ணணும்?" என்று என்னைக் கேட்டாள். அண்ணே, பதில் சொல்ல வாய் துடிக்கிறது. அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார், நான் பேசக் கூடாது. கையை மட்டும் ஆட்டினேன். ஊமை போலிருக்கிறது பாவம் என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நம் ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் நம்புவார்களா?

செண்பகம்தான் பதில் சொன்னாள். "வேண்டுதல் இல்லைங்க, இது படிப்பு. அவரால முடியாமப் போனதைத் திரும்ப அவரே செய்றதுக்கு ஒரு வழி தேடித் தர்ற படிப்பு."

கேட்டீர்களா அண்ணே? உங்கள் காதில் விழுந்ததா? நீங்கள் என்னைக் கேட்ட கேள்விக்கு, பெருமாள் வாசலில் உங்கள் மகளே பதில் சொல்லிவிட்டாள். நான் எத்தனை வருஷம் யோசித்தாலும் எனக்கு இது வந்திருக்காது.

பெருமாள் வழக்கம்போல் சயனத்தில் இருந்தார். அவர் முன்னால் உங்கள் மாப்பிள்ளை இரண்டு காலையும் ஊன்றி நின்றார். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. எனக்கு அப்போதுதான் பேச அனுமதி. அத்தனை நாளும் சேர்த்து வைத்ததையெல்லாம் பெருமாளிடம் கொட்டினேன். நகருங்கம்மா, நகருங்கம்மா என்று விரட்டி விட்டார்கள். நகரும்போது உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

செண்பகம் மேலே தெரபி படிக்கப் போகிறாள். நடைக்கான படிப்புதான் எடுப்பாளாம். அண்ணிக்கும் சந்தோஷம். இனி யாராவது டாக்டரா, நர்ஸா என்று கேட்டால் நான் முழிக்க மாட்டேன். உங்கள் மாப்பிள்ளையை எழுந்து ஒரு நடை நடந்து காட்டச் சொல்வேன்.

உங்கள் திதிக்கு மூன்று பேரும் திருவெள்ளறை வருகிறோம். முடித்துக்கொண்டு நம் கோயிலுக்கும் போவதாக இருக்கிறோம். அங்கே அத்தனை படிகள் இருக்கின்றனவே என்று பயப்படாதீர்கள். படிக்கட்டு அவருக்குச் சுலபம்தானாம், ஒவ்வொரு படியும் ஒரு கோடு மாதிரி. வெறும் தரைதான் கஷ்டம் என்று நம் பிள்ளை சொல்லியிருக்கிறாள். நீங்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். அவர் கடைசிப் படி ஏறி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இது பெருமாள் மேல் சத்தியம்.

நம்புங்கள் அண்ணே,
பேசாமல் பின்னாலேயே ஏறி வரப்போகும்
உங்கள் தங்கச்சி
அலமேலு