அந்தக் கடலில் போட்ட மூன்று முழுக்கு

அக்கா,

இன்று காலை அலமாரியின் அடியில் கிடந்த நீலப் பூப்போட்ட புடவையை எடுத்து உதறினேன். மடிப்புக்குள்ளிருந்து வெள்ளை மணல் கொட்டியது, ரவை மாதிரி. கூடவே உப்பு வாடை. திருவண்ணாமலையில் ஏது கடல்? தரையில் கிடந்த அந்த மணலைப் பார்த்ததும் உன் மேல் கோபம் வந்தது. இத்தனை நாளில் ஆறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. நீ செத்துப்போனதை மன்னித்துவிடுவேன், எல்லாரும் போகிறவர்கள்தான். என்னை வெளியே அனுப்பிவிட்டு, எனக்குத் தெரியாமல் போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்குள் வந்தவர்கள் நாம். முதல் வருஷம் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று ஒருநாள் சண்டை முற்றி, ‘நீ’ என்று வந்துவிட்டது. “இப்பத்தாண்டி வழிக்கு வந்த” என்று சிரித்தாய். ஊரில் ஓரகத்திகள் அடுப்பைப் பிரிப்பார்கள், நாம் பிரிக்கவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை. என் மகன் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாலும், பசி என்று வந்து நின்றது உன்னிடம்தான். புருஷன்மார் போன பிறகு ஒரே அறையில் பாயை விரித்தோம். நமக்குள் மறைக்க என்ன இருந்தது?

பேத்தி லீவில் வந்தபோது தொடங்கியது எல்லாம். ஏதோ கரீபியன் தீவாம், அங்கே ஒரு ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்களுக்குக் கடலுக்குள் முங்கி மூச்சுவிடக் கற்றுத்தருகிறாள் நம் பெண். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி! இந்தப் பெருமையை வேங்கிக்கால் முழுக்கச் சொல்லி அலுத்தவள் நான். “ஆயா, என்கூட வா, நான் வேல செய்யற எடத்தப் பாரு” என்றாள்.

“அக்கா வந்தா வர்றேன்” என்றேன்.

“எனக்கு எதுக்குடி? வயித்துல வாய்வு. ஏரோப்ளேன்ல ஏறினா இன்னும் உப்பிக்கும்” என்றாய். “பாஸ்போர்ட்டுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ நீ, நீ போ. நான் கைநாட்டு. என்னப் பாத்தா அவன் ஊருக்குள்ளயே வுடமாட்டான்.”

நானும் சிரித்தேன். அதற்கு முந்தின பவுர்ணமியில் மலை சுற்றப் போனபோது அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் நீ உட்கார்ந்துவிட்டாய். கேட்டதற்குக் கல் குத்தியது என்றாய். பாதத்தைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்தது என் மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

விமானம் மாறி விமானம் ஏறி அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் ஓரமாக மரவீடுகள். கேஸ் சிலிண்டர் மாதிரி காற்று உருளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதை முதுகில் கட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்து, பின்பக்கமாகவே கடலில் விழுந்தார்கள். முதல் நாள் பார்த்து அலறிவிட்டேன். அறையில் அண்ணாமலையார் படம் வைத்துத் தினமும் விளக்கேற்றினேன். தினமும் உன்னோடு போனில் பேசினேன். “அங்க மீனு சாப்பிடறியா, மீனு உன்ன சாப்பிடுதா?” என்று கேட்டாய். அதுதான் நான் உன் குரலைக் கடைசியாகக் கேட்டது.

மறுநாள் காலையில் பேத்தியின் கண் வீங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டது என்றாள். கொடியில் கிடந்த இந்தப் புடவையைக் கொடுத்துக் கட்டச் சொன்னாள்.

“ஆயா, இன்னிக்கு உன்ன கடல்ல எறக்கப் போறேன்.”

“ஏண்டி, இந்த வயசுல என் முதுவுல சிலிண்டர் கட்டப் போறியா?”

“ஒண்ணும் வேணாம். இடுப்பளவு தண்ணிக்கு வா. மூக்கப் புடிச்சிக்க. தல நல்லா நனையணும், மூணு முழுக்கு போடு.”

“வெள்ளக்காரனுக்கும் இதானா?”

“ஆமா ஆயா. இதான் மொதப் பாடம்.”

போட்டேன். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே முங்கினாள். மூன்றாவது முழுக்கில் வாய்க்குள் போன தண்ணீரை அவள் மேலேயே துப்பிச் சிரித்தேன். “பாஸா, ஃபெயிலா?” என்றேன். “பாஸு” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். “மரவீடு, நெருப்பு ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க ஆயா” என்று தீப்பெட்டியை வாங்கிவிட்டாள். சரிதான் என்று விட்டேன். ராத்திரி படுக்கும் முன், நம் ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தால் மகன் எடுத்து, பெரியம்மா தூங்குகிறாள் என்றான். “பகல்ல என்ன தூக்கம் அவளுக்கு?” என்று சத்தம் போட்டேன். அடுத்த நாள் கோயிலுக்குப் போயிருக்கிறாய் என்றான். நீ தினமும் போகிறவள்தானே, நம்பினேன்.

பேத்திதான் திரும்பவும் கூட்டிவந்தாள். சென்னையில் மகனைக் காணோம், வாடகைக் கார் நின்றது. “பெத்தவள கூப்பிட வர நேரமில்லையா அவனுக்கு?” என்று கீழ்பென்னாத்தூர் வரை திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கோலம் இல்லை. மகன் வெளியே வந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை. யார் போனது என்று நான் கேட்கவில்லை அக்கா. கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாவு சேதி கேட்டவள் தலை முழுகாமல் உள்ளே போகக் கூடாது. பையைக் கீழே போட்டுவிட்டுப் பக்கவாட்டுக் குழாயடிக்கு நடந்தேன். மகன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“வேணாம்மா. உனக்கு அன்னிக்கே ஆச்சு.”

“எது ஆச்சு?”

பேத்திதான் சொன்னாள். “கடல்ல, ஆயா. அந்த மூணு முழுக்கு.”

“பெரியம்மாதாம்மா சத்தியம் வாங்கிக்கிட்டாங்க” என்று மகன் அழுதான். “‘அவ எங்க இருந்தாலும் தல முழுக வெச்சிடுங்க, வெளக்க நிறுத்திடுங்க. சேதி மட்டும் சொல்லாதீங்க. பொறந்ததுலேருந்து அவ கடலப் பாத்ததில்ல, பாக்கட்டும்’னாங்க.”

என் துக்கத்தையும் நீயே திட்டம் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உன்னை எரித்துவிட்டு இவர்கள் போன் செய்திருக்கிறார்கள், அந்த முழுக்கைப் போட்டு நான் சிரித்திருக்கிறேன். “சிரிச்சிக்கினு போட்ட முழுக்கு செல்லாது” என்று மகன் கையை உதறிவிட்டுக் குழாயைத் திறந்தேன். வாளி வாளியாக ஊற்றிக்கொண்டேன். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

தெருவில் இருக்கிற எல்லாரும் உனக்கு வாய்க்கரிசி போட்டார்களாம். உன்னோடு பேச்சு விட்டுப்போன எதிர்வீட்டுக்காரிகூடப் போட்டாளாம். “நல்லவேள அத்த, நீங்க பாக்கல. கடசியில அடையாளமே தெரியல” என்றாள் மருமகள். எது நல்லவேளை? அந்த அடையாளம் தெரியாத முகத்தைத் துடைத்து, திருநீறு பூச வேண்டிய கை என்னுடையது. மற்றவர்களை நம்பினாய். என்னால் தாங்க முடியாது என்று உனக்கு யார் சொன்னது?

அதனால் என்னிடம் இருப்பது ஒரே முகம்தான். கிளம்பின அன்று, கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு, வாயில் வெற்றிலையோடு, “சன்னலோரமா சீட்டு கேட்டு வாங்கிக்கடி” என்றாயே, அந்த முகம். அப்போது உனக்கு எல்லாம் தெரியும். படுக்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். கண்ணில் ஒரு கலக்கம், உதட்டில் ஒரு நடுக்கம், எனக்கென்று ஏதாவது விட்டுவைத்தாயா என்று தேடுகிறேன்.

ஒன்றும் இல்லை அக்கா. அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறாய்.