சாண்டி சார் காதிலிருந்த கிளிப்

அன்புள்ள ஏலிக்குட்டிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே கல்லுப்போல இருக்கிறேன். நான் சீட்டுக் கலைத்துப் போட்டால்தான் இந்த முதியோர் இல்லத்துக்கே பொழுது போகும். திருவல்லா முழுக்க என் பேச்சுதான்.

இங்கே தோற்றவர் காதில் துணி கிளிப் மாட்ட வேண்டும், ஜெயித்தால்தான் கழற்றலாம். சாண்டி சார் நாலு நாளாகக் கிளிப்போடு இருந்தார். இன்று மத்தியானம் ஆட்டத்தின் நடுவே சாய்ந்தவர் எழவில்லை. பயப்படாதே, மகாராஜா சாவு.

நர்ஸ் கிளிப்பைக் கழற்றப் போனாள். எதிரணியில் ஆடிய இட்டியச்சன் கத்தினார்: "தொடாதே மோளே! தோத்தவனாவா அனுப்புறது? எடா பைலி, அவன் சீட்டை எடுத்து நீ ஆடு!"

மலபாரையே ஜெயித்த கை என்னுடையது. ஆனால் சார் விட்டுப்போன சீட்டு அத்தனையும் குப்பை. எல்லாவற்றுக்கும் மேலான ஜாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே இட்டியச்சன் இருப்பதிலேயே சின்னதான ஏழாம் நம்பரை இறக்கினார்.

"ஜெயிச்சிட்டான்டா கள்ளன்!" என்று அவரே கிளிப்பைக் கழற்றி, சாரின் காதைத் தேய்த்துவிட்டார்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வரும்வரை சாரை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். இப்போது அவர் பக்கத்தில் நான் மட்டும் இருக்கிறேன். மாங்காய் ஊறுகாய் அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கால் பக்கம் பிடிக்க ஆளில்லை. நிறுத்துகிறேன்.

உன் பைலி