என் கணவரின் கடைசி வரியைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
மெலாஹத் ஓய்மாக்,
(மறைந்த நிழற்கூத்துக் கலைஞர் சுப்ஹி ஓய்மாக்கின் மனைவி),
சாயக்காரர் தெரு, அய்வாபினார்.

பெறுநர்:
உயர்திரு நகராட்சித் தலைவர் அவர்கள்,
அய்வாபினார்.

பொருள்: பூங்காக் கூடாரத்தில் நடைபெறும் கராகோஸ் நிழற்கூத்தில், என் கணவரின் குரலிலிருந்து வெட்டப்பட்ட மன்னிப்பு வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் சுப்ஹி சென்ற வசந்தத்தில் காலமானார். தாங்களும் ஜனாஸா தொழுகைக்கு வந்திருந்தீர்கள். திரைக்குப் பின்னால் அவர் ஒட்டகத் தோல் பாவைகளை ஆட்டி எல்லாக் குரலிலும் பேச, பக்கத்தில் அமர்ந்து கஞ்சிரா தட்டிப் பாடியவள் நான்.

அவருடைய கடைசி நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்டம் ஒன்றை நகராட்சி ஒலிப்பதிவு செய்தது. இவ்வாண்டு அந்தக் குரலுக்கு நாடகப் பள்ளி இளைஞர்கள் பாவைகளை ஆட்டுகிறார்கள். வண்ண விளக்கு, புகை எல்லாம் உண்டு. அதில் எனக்குக் குறையில்லை. முதல் நாள் நோன்பு திறந்த கையோடு ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். கைப்பேசியை விட்டுத் தலை நிமிராத பிள்ளைகள் என் மனிதரின் பேச்சுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதேன், முழங்காலில் தாளம் போட்டேன்.

குறை முடிவில்தான். நம் துருக்கியில் ஊரையே கிண்டலடித்துவிட்டு, விளக்கை அணைக்குமுன் நாக்கு இடறியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது இந்தக் கூத்தின் வழக்கம். காய்ச்சலில் தொண்டை கட்டிய நாளிலும் என் கணவர் அதை விட்டதில்லை. பதிவு செய்த அன்றும் கேட்டார். என் காதால் கேட்டேன். அதை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஏதோ பாட்டுப் போடுகிறார்கள்.

கலாச்சாரப் பிரிவு அலுவலர் தாய்லான் அவர்களிடம் முறையிட்டேன். நல்ல பிள்ளை, தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். "அக்கா, கூத்துதான் முடிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்கு மன்னிப்பு? இந்தக் காலத்துச் சனம் அதுவரைக்கும் உக்காராது. சிரிச்ச முகமா போகட்டுமே," என்றார்.

அதற்குப் பதில் ரொட்டிக்கடை ருஷ்து அவர்களிடமிருந்து வந்தது. அவர் சுடும் ரொட்டி ஊதினால் பறந்துவிடும் என்று அந்தப் பதிவில் என் கணவர் கேலி செய்கிறார். அன்று ருஷ்து எதிரில்தான் இருந்தார். முடிவில் மன்னிப்புக் கேட்டதும், "பொறுத்தேன்டா, போடா!" என்று முதல் ஆளாகக் கத்தினார். ஜனாஸாவில், இறந்தவர் மேலுள்ள மனக்குறையைப் பொறுத்துக்கொள்கிறீர்களா என்று இமாம் கூட்டத்தைக் கேட்டபோதும் அவர் குரல்தான் முதலில் எழுந்தது. இப்போது தினமும் கூடாரம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ரொட்டி வாங்க வரும் வாண்டுகள் கடை வாசலிலேயே ஊதிப் பார்க்கின்றன. நான் போனபோது முகம் கொடுக்காமல் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணி, அன்னிக்கு நான் பொறுத்தது அதுவரைக்கும் பேசினதுக்கு. அதுக்கப்புறமும் இந்த மனுஷன் தினம் பேசிக்கிட்டே இருக்காரே! இதுக்கு யாரு மன்னிப்புக் கேப்பா?"

ஐயா, மண்ணுக்குள் போனவர் மேல் தினமும் புதிதாய் ஒரு மனத்தாங்கல் ஏறுகிறது. கூடாரம் அதிர அத்தனையும் பேசுகிறார். இந்த ஒன்றை மட்டும் சொல்ல அவரை விடுவதில்லை.

ஆகவே, நோன்பு மாதம் முடிவதற்குள் அந்த வரியைத் திரும்பச் சேர்க்க ஆணையிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், விளக்கு அணையுமுன் திரையருகே நின்று அவருக்காக நானே அதைச் சொல்ல அனுமதி தாருங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். கடைசி வரிசை வரைக்கும் என் குரல் எட்டும். ருஷ்து இப்போதும் தினமும் கடையை அடைத்துவிட்டு அங்கே வந்து நிற்கிறார். பாட்டு ஓய்ந்து எல்லோரும் கலைந்த பிறகும் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் போகிறார்.

இம்மனுவில் என் பேனா எங்காவது இடறியிருந்தால் பொறுத்தருளுங்கள். நான் உயிரோடு இருப்பதால் கேட்க முடிகிறது.

இடம்: அய்வாபினார்
நாள்: ரமலான் 21

இப்படிக்கு,
மெலாஹத் ஓய்மாக்