என் பெயரில் நீங்கள் எழுதிய கதைகள்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் இந்தத் தை மாதத்தோடு மூன்று வருஷம் ஆகிறது. சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன். மணலூர்பேட்டையில் உங்கள் பங்கு நிலத்துக் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியாகிவிட்டது. ஆனால் இப்போது எழுதுவது உங்கள் கதைகளைப் பற்றி. ஊருக்கு அவை என் கதைகள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் திருக்கோவிலூரில் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். வாரப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுவீர்கள், செங்கமலம் என்ற என் பெயரில். "பொம்பள பேர்ல அனுப்புனா சீக்கிரம் போடறாங்க. ஆபீஸ்லயும் எவனும் நோண்ட மாட்டான்" என்பீர்கள். அந்தக் காலத்தில் பல ஆண்கள் செய்ததுதான். ஒருமுறை பத்திரிகையில் போட்டோ கேட்டார்கள். ஸ்டூடியோவில் என்னை உட்கார வைத்து உங்கள் பேனாவைக் கையில் கொடுத்தீர்கள். அதன் மூடியைக் கழற்ற வேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் போன் செய்தார். பழைய பெண் எழுத்தாளர்களின் கதைகளைத் தொகுக்கிறார்களாம். செங்கமலத்தின் எட்டுக் கதைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உங்கள் எழுத்து புத்தகமாக வர வேண்டும் என்று நீங்கள் கடைசிவரை ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் செய்தி பரவி, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் 'கதைகளில் பெண்' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். சால்வை போட்டார்கள். முன்பெல்லாம் கதைகளில் பெண் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள், பெண்களே எழுத வந்த பிறகு அவள் மாறிவிட்டாள் என்று பேராசிரியர் ஒருவர் பேசினார். அதற்கு என்னை உதாரணம் காட்டினார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கிறவள். பதிப்பாளர் கல்லூரிக்கு நகலெடுத்து அனுப்பியிருந்த எட்டுக் கதைகளையும் படித்திருந்தாள்.

"அம்மா, உங்க கதைல வர்ற பொம்பளைங்க எல்லாம் கடைசில மன்னிப்பு கேட்டுக்கினே இருக்காங்க. வேலைக்குப் போனவ கேக்கறா. அடி வாங்குனவளும் கேக்கறா. ஆம்பள எழுதியிருந்தா வுட்டுடலாம். நீங்க இன்னாத்துக்கும்மா அப்படி எழுதுனீங்க?"

எனக்குக் கோபம் வந்தது, உங்கள்மேல். அச்சில் பார்த்தபோதே எனக்கும் இதே கேள்விதான். "அவ எதுக்குங்க மன்னிப்பு கேக்கணும்?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்பதான் கதை முடியும்" என்றீர்கள். நம் வீட்டில் சண்டை வந்தால் யார் இறங்கி வந்தது? பெரும்பாலும் நீங்கள்தான். அதை ஏன் எழுதவில்லை?

"நான் எழுதலம்மா. என் வூட்டுக்காரர் எழுதுனாரு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். போட்ட சால்வையை என்ன செய்வது என்று பேராசிரியருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "அப்ப நீங்க ஒண்ணுமே எழுதலயாம்மா?"

"ஒரே ஒரு கதை எழுதி வச்சிருக்கேன். அனுப்பல."

"ஏம்மா?"

"இன்னா பேர்ல அனுப்பறது? என் பேர்லதான் ஒருத்தர் ஏற்கெனவே எழுதிட்டாரே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

மறுநாள் பதிப்பாளரிடமும் சொன்னேன். ஆண் எழுதியது தொகுப்பில் சேராது என்று எட்டையும் எடுத்துவிட்டார். உங்கள் ஆசையை நானே கெடுத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு பொழுது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு டீ போட்டு எடுத்து வந்திருப்பீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். ராமலிங்கம் என்று உங்கள் பெயரையே அட்டையில் பெரிதாகப் போட்டு, உங்கள் கதைகளைக் கள்ளக்குறிச்சியிலேயே அச்சடித்துப் புத்தகமாக்குவேன். ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டேன். அந்தப் பெண்கள் மன்னிப்புக் கேட்டபடியே இருக்கட்டும்.

என் கதையை நேற்று ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அதில் ஒரு புருஷன் சண்டைக்குப் பிறகு டீ போட்டு எடுத்து வருகிறான். பெயர் எழுதும் இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது, பிறகு என் பெயரையே எழுதிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. அதற்காக மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

உங்கள் மனைவி,
செங்கமலம்