வரிக்காக என்று சொல்லி முடித்த கலியாணம்

என்னைப் பெற்று, என் பொருட்டு ஊருக்கெல்லாம் பதிலும் சொன்ன என் அம்மாவுக்கு,

நீங்கள் போன பிறகு நடந்தவற்றை உங்களிடம் சொல்லவேண்டும். செபமாலை முடிந்தபின் தனியாக, மெல்லச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் தவறியது நாலு பேர் முன்னால். அதனால் நாலு பேர் வாசிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். கோபிக்காதீர்கள்.

வாசிப்பவர்களுக்கு முதலில் கேதீஸ் யார் என்று சொல்லவேண்டும். லண்டன் நோர்பரியில் நம் வீட்டில், உங்கள் மகனான என்னோடு வாழ்பவன். பஸ் ஓட்டுகிறான். விடிய முதல் ஷிப்டை எடுத்து, மத்தியானம் வந்து, உங்களை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போனவன். அவன் முதன்முதல் உங்களை 'அன்ரி' என்று கூப்பிட்டபோது, "நான் என்ன வெள்ளைக்காரியே தம்பி? மாமி எண்டு கூப்பிடும்" என்றீர்கள். நம் ஆட்களிடையே தெரிந்த வீட்டுப் பெண்ணும் மாமிதான், கட்டியவரின் தாயும் மாமிதான். எந்த மாமியை நினைத்துச் சொன்னீர்கள்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

எங்கள் தெரு மூலைவீட்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் இருவரை நினைவிருக்கிறதா? இயேசு பிறந்த நத்தாருக்கு அவர்களுக்கும் பலகாரம் கொடுத்தனுப்புவீர்கள். ஒருவர் இறந்ததும் மற்றவர் வீட்டை விற்றுவிட்டுப் போனார். வீடு இறந்தவர் பேரில் இருந்தது. உயிலும் ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருந்தார். ஆனால் இருவரும் கலியாணம் பதியவில்லை. இந்த நாட்டில் கணவனோ மனைவியோ விட்டுப்போகிற சொத்துக்கு வரி இல்லை. பதியாதவர்கள் எத்தனை காலம் ஒன்றாய் வாழ்ந்திருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. லண்டனில் வீடுகள் விற்கிற விலைக்கு அந்த வரியைக் கட்ட, இருக்கிற வீட்டையே விற்கவேண்டியதுதான். லொறியில் அவருடைய சாமான் ஏறுவதைக் கேதீஸ் ஜன்னலடியில் நின்று பார்த்தான்.

"எங்கடை வீடும் உன்ரை பேரிலைதானே," என்றான்.

"அப்ப பதிவமே?" என்று கேட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்து "ஓம்" என்றான். வரி ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'ஓம்' கேட்டதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்தது வரிக்காக இல்லை, அம்மா.

அடுத்த நாள் நீங்கள் குசினியில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அம்மா, நானும் கேதீசும் பதியப்போறம்."

கத்தி நின்றது. "என்னத்தை?"

"கலியாணப் பதிவு. வரிக்காகத்தான். எனக்கு ஒண்டு நடந்தால் அவன் வீட்டை விக்கவேண்டி வரும்."

"அப்ப அது கலியாணம் இல்லை?"

"இல்லையம்மா. சும்மா ஒரு கையெழுத்து."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. முருங்கைக்காயின் நாரை உரித்து ஒருபக்கம் வைத்தீர்கள். "வரிக்கெண்டால் சரி. அரசாங்கத்துக்கு ஏன் சும்மா குடுக்கோணும்," என்றீர்கள்.

கேதீஸ் வெளிக்கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டது. நாடாவைக் கட்டிவிட்டு வேலைக்குப் போனான். என்னை விளங்கிக்கொண்டான் என்று நினைத்தேன். என் வசதிக்கு அப்படி நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தோர்ண்டன் ஹீத் செபக்குழுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் மகன் வரிக்காகப் பதிகிறான் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"வரி விசயம்தானே, அன்ரன்?"

"ஓம் ஃபாதர்."

"அப்ப பரவாயில்லை. அரசாங்கத்தின்ரை கணக்கு வேறை, திருச்சபையின்ரை கணக்கு வேறை."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஆணும் ஆணும் வாழ்வதைத் திருச்சபை கலியாணமாக ஏற்காது, அதை அவர் என்னிடம் சொல்லவேண்டி வரவில்லை. அவரைவிட எனக்குத்தான் பெரிய நிம்மதி. ஞாயிறு தோறும் வாசகம் வாசித்தேன், ஃபாதர் கையால் நற்கருணை அப்பம் எடுத்தேன். வரி என்ற அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் ஒதுங்க இடம் கொடுத்தது. கேதீஸுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் அவன் அப்பா தங்கள் சைவக் கோயில் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "கடவுளுக்கு ஆட்சேபணை எண்டு நான் எங்கையும் படிக்கேல்லை. கோயில் நிர்வாகத்துக்கு இருக்கும்" என்றாராம் ஐயர். அப்பா கொஞ்சக் காலம் மகனோடு கதைக்கவில்லை. ஆனால் பதிவன்றைக்கு அயன் பண்ணிய வேட்டியோடு வந்து நின்றார். படியில் நின்ற யாரோ ஒரு தமிழர் என்ன விசேஷம் என்று கேட்டபோது, "என்ரை இளையவன்ரை கலியாணம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கே எனக்கு முகம் சுட்டது.

நீங்கள் வரவில்லை. முழங்கால் நோகிறது என்றீர்கள். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது மேசையில் மஞ்சள் சோறும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் இருந்தன. கஜு போட்ட பாயசமும் இருந்தது. முதல் கிண்ணத்தைக் கேதீஸிடம் நீட்டினீர்கள். வரிக்கு யாரம்மா பாயசம் காய்ச்சுவார்கள்? நான் சொன்னதை நம்பினீர்களா? அல்லது நான் அப்படித்தான் சொல்லக்கூடியவன் என்று தெரிந்து, எனக்காக நம்பினீர்களா? இப்போது கேட்கிறேன், கேட்க ஆளில்லாதபோது.

பிறகு நீங்கள் போனீர்கள்.

நம் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இன்னாரின் அன்புத் துணைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் அன்பு மாமியார் என்று உறவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாரிசிலிருந்து வந்திறங்கிய சின்னம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாமியார் என்ற இடத்துக்கு வந்தபோது நிறுத்தினார்.

"அந்தப் பொடியனை என்னெண்டு போடுறது?"

"அதை விடுங்கோ சின்னம்மா. கடைசியிலை நண்பர்கள் எண்டு வரும்தானே."

அடுத்த அறையில் கேதீஸ், உங்களுக்கு உடுத்தப்போகும் சேலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தான். அறிவித்தல் வெளியானபோது வாசித்தான். "மாமியின்ரை படம் நல்லா வந்திருக்கு" என்று மட்டும் சொன்னான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் நம் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். கேதீஸ் தேத்தண்ணித் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய்க்கொண்டிருந்தான். மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர், உங்களுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம், அவன் கையைப் பிடித்து அன்பாகத்தான் கேட்டார்.

"நீர் ஆர் தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

சின்னம்மா முந்திக்கொண்டார். "அது மகன்ரை சினேகிதப் பொடியன். வரிக்காகப் பதிஞ்சிருக்கினம், வேறையொண்டும் இல்லை."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கத்துக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன்.

எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. அவன் தட்டை இறக்கி வைக்கவில்லை. அடுத்த ஆளிடம் போனான். மண்டபம் கூட்டித் துடைக்கும்வரை நின்றான். வீடு வந்து காரை நிறுத்திய பிறகுதான் கதைத்தான்.

"மாமி வரிக்கெண்டு ஊருக்குச் சொன்னது எனக்கு நோகேல்லை. அவவுக்கு வேறை வழி இருக்கேல்லை. உனக்கு இருந்தது. நீ பக்கத்திலை நிண்டனி."

"இண்டைக்கு எனக்கு மனம் சரியில்லை, கேதீஸ். அம்மாவைப் புதைச்சிட்டு வந்து நிக்கிறன்."

"நானும் அவவைத்தான் புதைச்சிட்டு வாறன்."

உள்ளே போனதும் அவன் ஒரு பையில் உடுப்பை வைத்தான். "கோவத்திலை போகேல்லை. வெக்கத்திலை போறன். நான் வெக்கப்பட ஒண்டும் செய்யேல்லை, ஆனால் அதிலை நிக்க எனக்கு வெக்கமாப் போச்சு," என்று சொல்லிவிட்டு ஈஸ்ட் ஹாமுக்குப் போனான். அவன் படவேண்டிய வெட்கமா அது? என்னுடையதை அவன் தூக்கிக்கொண்டு போனான்.

பலநாள் போனை எடுக்கவில்லை. கடைசியில் நானே போனேன். அவன் அப்பா கதவைத் திறந்து, அவன் வருவான் என்று சொல்லிவிட்டு, டீவியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இருந்தார். குற்றம் சொல்ல முடியுமா? கேதீஸ் ஷிப்ட் முடிந்து யூனிபோர்மோடு வந்தான். ஹை ஸ்ட்ரீட் வரை நடந்தோம்.

"அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் நன்றி அறிவித்தலிலை உன்ரை பேரைப் போடுறன். மருமகன் எண்டு," என்றேன். பெரிய விஷயம் ஒன்றைக் கொடுப்பதாக நினைப்பு எனக்கு.

"பேப்பரிலை போட்டுட்டு ஒளிச்சிருப்பாய். ஆருக்குப் பொய் சொன்னியோ, அவைக்கு வாயாலை சொல்லு. பிறகு போடு, போடாமல் விடு."

சின்னம்மாவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். "வரிக்காக இல்லை, சின்னம்மா. அவன்தான் நான் கட்டினவன்," என்றேன்.

"அப்ப அக்கா எங்களுக்குப் பொய் சொன்னவ எண்டே சொல்லுறாய்? செத்தவவின்ரை பேரைக் கெடுக்காதை" என்றார்.

"அவ சொல்லேல்லை. நான்தான் அவவுக்குப் பொய் சொன்னனான்."

போன் வைக்கப்பட்டது.

ஃபாதரிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை அம்மா, உங்களுக்குத் தெரியும். உங்கள் கட்டிலடியில் முழந்தாளிட்டுச் செபித்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நான் இதைக் கேளாத மாதிரி இருக்கலாம், அன்ரன்."

"வேண்டாம் ஃபாதர். கேட்ட மாதிரியே இருங்கோ."

"அப்ப வாசகத்துக்கு வேறை ஆளைப் பார்க்கோணும். நற்கருணையும்… உனக்குத் தெரியும். நான் வைச்ச சட்டம் இல்லை."

"தெரியும் ஃபாதர்."

வாசல்வரை வந்தார். "அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருவியள்தானே? ரெண்டு பேரும்?" என்று கேட்டார். வருவோம் என்றேன், கேதீஸைக் கேட்காமலே.

கேதீஸ் வந்தான். அவன் அப்பாவும் வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். செபக்குழுவில் பாதிப்பேரைக் காணவில்லை. சின்னம்மா திரும்பவும் பாரிசிலிருந்து வந்திருந்தார், எங்களுக்கு முன் வரிசையில், திரும்பிப் பார்க்காமல். வாசகத்தை வேறொருவர் வாசித்தார். உங்களுக்குப் பிடித்த பகுதி அது. என் வாய் தானாக அசைந்தது.

நற்கருணை நேரம் எல்லோரும் எழுந்தார்கள். இத்தனை காலமும் நான் கேதீஸின் முழங்காலைக் கடந்து பீடத்தடிக்குப் போவேன். அவன் சைவப் பொடியன், போகமுடியாது. எல்லோரும் போன வெறும் வாங்கில், என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருப்பான். அங்கே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு நான் எழவில்லை. போகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருவர் எனக்குச் சுகமில்லையோ என்று குனிந்து கேட்டார்.

"போகேல்லையே?" என்றான் கேதீஸ் மெதுவாக.

"இல்லை."

அவன் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டான். பொய் சொல்லமாட்டேன் அம்மா, எனக்குப் பெருமையாக இருக்கவில்லை. ஏழு வயதில் நீங்கள் வெள்ளை உடுப்புப் போட்டு அழைத்துப்போன நாளிலிருந்து உங்களுக்காகவும் எனக்காகவும் எடுத்த ஒன்றை, உங்கள் பூசையில் எடுக்காமல் இருந்தேன். பசிபோல இருந்தது. அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை, என் பக்கத்தில் இருந்தான்.

அதற்குப் பிறகு ஒருநாள் பையோடு வீட்டுக்கு வந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சிலநாள் உங்கள் அறையில்தான் படுக்கிறான். உங்கள் கட்டிலை எடுக்க விடுகிறானில்லை. சின்னம்மா இன்னும் கதைக்கவில்லை. அந்த மன்னார் அம்மாவைத் தேடிப்பிடித்து, இவன் யார் என்று சொன்னேன். "அப்பிடியே? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ராசா, நான் வடிவாக் கதைச்சிருப்பன்" என்றார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கீழே உன் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். நான் மாமியோடை தனியக் கதைக்கிறனான்" என்றான்.

அம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் முன்னாலும் அவன் எனக்கு யார் என்று சொல்லும்போது, அதற்கு ஒரு காரணம் சொல்லமாட்டேன்.

உங்கள் மகன்,
அன்ரன்