பார்வையாளர் பதிவேட்டில் ஒரு மில் முதலாளி

26 ஜனவரி 1969, ஞாயிறு

இன்று தாராவி குலுங்கியது. என் தங்கை மகள் மர்யம் வரைந்த பதினாறு ஓவியங்கள் எங்கள் தமிழ்ப் பொது நூலகத்துச் சுவரில் ஏறின. கூட்டத்தை அடக்க யானைப்படை தேவைப்பட்டது. (வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் பேப்பர் படிக்க வந்தவர்கள்.)

ஈரத்தோல் சுமக்கிறவனின் கழுத்தில் ரத்தத் தண்ணீர் வழிகிற படம் ஒன்று. பார்த்ததும் என் சட்டைக் காலரைத் துடைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் இந்தக் கை!

நூலகச் செயலாளர் அப்துல் வாஹித் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பதிவேட்டில் பெயர், தொழில், விலாசம் எல்லாம் இங்கிலீஷில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி அஞ்சலட்டை போடுவார். அட்டை திரும்பி வந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார். “ரெண்டு வாரத்துல நூறு பேரு தேறணும் பாய். இல்லேன்னா படத்த எறக்கிருவேன்.”

படம் இறங்கினால் வர்ணப்பெட்டி அடுப்புக்குப் போகும் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். செய்கிறவள்தான்.

29 ஜனவரி, புதன்

இதுவரை இருபத்திரண்டு பேர். என் தோல்பைப் பட்டறையில் போர் ஆலோசனை நடந்தது. ராஜா, மந்திரி, தளபதி மூன்றும் நானே.

31 ஜனவரி, வெள்ளி

வாஹித் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பச்சை மைப் பேனாவோடு நூலகத்துக்குள் படையெடுத்தேன். நாற்பத்தொரு பெயர்கள். விலாசங்கள் நிஜம், எல்லாம் என் சிநேகிதர்களுடையவை. அட்டை திரும்பி வராது பாருங்கள்! பட்டங்கள் மட்டும் என் அன்பளிப்பு. கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் இலை எடுக்கிறவன் ரிட்டயர்டு மேஜர். உல்லாஸ்நகரில் பொத்தான் விற்கிற நஜிமுதீன் வைர வியாபாரி. கோவண்டி தனசீலன் ஆறு வருஷமாக மில்லில் பத்லி, எவனாவது வராத நாளில்தான் அவனுக்கு வேலை. அவனை மில் முதலாளி ஆக்கினேன். ஒரு கையெழுத்தில் ஒரு மில்! எந்த சர்க்கார் செய்யும்?

4 பிப்ரவரி, செவ்வாய்

‘மில் முதலாளி’ என்று விலாசம் எழுதிய அஞ்சலட்டையோடு தனசீலன் வந்தான். “வேய் பாய், தபால்காரன் சலாம் வைக்கான்வே! மொதலாளிக்கு இன்னொரு அகப்பை கொழம்பு ஊத்துளான்னேன், எம்பொஞ்சாதி தெரசம்மா அகப்பையாலயே அடிக்க வாரா.”

இருவரும் சிரித்த சிரிப்பில் குர்லா வரைக்கும் ஓடுகள் பறந்தன. நிஜமாக வந்தவர்களையும் சேர்த்துக் கணக்கு தொண்ணூற்றேழு.

8 பிப்ரவரி, சனி

பம்பாயே பற்றி எரிகிறது. மராட்டிக்காரர்களின் வேலையை நம்மாட்கள் பிடுங்கிக்கொண்டார்களாம். கிங்ஸ் சர்க்கிளில் ஹோட்டல் கண்ணாடிகளை நொறுக்கி, கொதிக்கிற சாம்பாரை ஒருவன் காலில் ஊற்றியிருக்கிறார்கள். தமிழ்ப் பலகை இருந்தால் கல் வருகிறது. நூலகப் பலகையைக் கழற்றச் சொன்னேன். வாஹித் மாட்டேன் என்றுவிட்டார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பகல் பன்னிரண்டு மணி. நாற்பது பேர் இருக்கும் — கூட்டிச் சொல்லவில்லை. கம்பி, சைக்கிள் செயின், சோடா பாட்டில். முதலில் பலகை. அப்புறம் வாஹித் தலை. அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். படங்களை ஒவ்வொன்றாக இறக்கி நெஞ்சில் குத்துவது மாதிரிக் குத்தினார்கள். தோல் சுமக்கிறவனை இரண்டாகக் கிழித்தார்கள். மர்யம் பாய்ந்தாள். நான் அவள் இடுப்பைப் பிடித்து அலமாரிக்குப் பின்னால் அழுத்திக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்தாள். விடவில்லை.

புலி மாதிரி சண்டை போட்டேன் என்று எழுத ஆசை. அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தேன்.

போகும்போது பதிவேட்டை எடுத்துப் போனார்கள். அதை எதற்கு?

11 பிப்ரவரி, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வாஹித் கண் விழித்துவிட்டார். அடுத்த வார்டில் தனசீலன்.

நேற்றுக் காலை கோவண்டியில் வீடு புகுந்து அடித்திருக்கிறார்கள். வலது கையைக் கல்லில் வைத்து இரும்புக் குழாயால். ஒரு கண் போய்விட்டது. அடித்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு தாளைத் தெரசம்மாள் நீட்டினாள். “கைல இத வச்சுக்கிட்டு, மில் மாலிக் கோன் ஹை, மில் மாலிக் கோன் ஹைன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுவ பாய். மில் மொதலாளி யாரு, எங்க வேலையத் திங்கிற சேட்டு நீதானான்னு. இவுக பத்லின்னு அழுதாக, நம்பல. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதுல என்ன எழுதிருக்கு?”

பச்சை மை.

“கிழிஞ்சிருக்கும்மா, தெரியல” என்றேன்.

மர்யம் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

12 பிப்ரவரி, புதன்

மற்ற நாற்பது பேர் வீட்டுக்கும் சைக்கிளிலும் ரயிலிலுமாகப் போனேன். கதவைப் பூட்டிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

மர்யம்: “எனக்காகத்தான எழுதினீங்க மாமா?”

ஆமாம் என்றேன்.

“நெசமா வந்தவங்களே எனக்குப் போதும்னு இருந்திச்சு. என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.” அப்புறம், “தெரசம்மா மாமிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

என்னா கேள்வி கேட்டுட்டா! என்னால முடியலே. அல்லாவே, முடியலே.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கட்டில் பக்கத்தில் நின்று, இருவரும் கேட்கும்படி. ஊரைச் சிரிக்க வைக்க எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. இதற்கு மூன்றே வார்த்தைதான் கிடைத்தது. “நான்தான் அப்படி எழுதினேன்.”

தெரசம்மாள் செருப்பைக் கழற்றி அடித்தாள். முகத்தில், தோளில். நர்ஸ் ஓடிவந்து பிடிக்கும்வரை அடித்தாள். நான் நகரவில்லை. தனசீலன் மிச்சமிருந்த கண்ணையும் மூடிக்கொண்டான்.

22 பிப்ரவரி, சனி

மருந்து வாங்கி வைத்தால் தெரசம்மாள் எடுத்துக்கொள்கிறாள். பேசுவதில்லை.

2 மார்ச், ஞாயிறு

ஊருக்கே போகிறார்கள். கையும் கண்ணும் போனவனுக்கு மில்லில் இனி என்ன? தாதர் ஸ்டேஷனுக்கு டிரங்குப் பெட்டியை நான் தூக்கிப் போனேன். தடுக்கவில்லை.

ஜன்னலோரம் தனசீலன். என்னைப் பார்த்தானா, எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தானா, தெரியவில்லை. “போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடுவே, நானும் எழுதுதேன்” என்றேன்.

தெரசம்மாள்தான் பதில் சொன்னாள். “எங்களப் பத்தி இனி ஒரு எழுத்து எழுதாதீங்க பாய்.”

வண்டி பதினோரு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பதினோரு நிமிடம்தான், கூட்டிச் சொல்லவில்லை.